வாங்கும் முன், வாங்கிய பின்: வாசகர் கேள்வி-பதில்

கே: ரப்பர் பால் உறைய வைக்க, எல்லை தாண்டி ஒரு கடையில் மலிவாக ஆசிட் வாங்கினேன். ஷீட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். பில் இருக்கிறது. (குலசேகரம்)

ப: விடியுமுன் பால் வெட்டிய உழைப்பு இப்படிப் போனது கொடுமை. பால் உறைய வைக்க வழக்கமாக ஊற்றும் பார்மிக் ஆசிட் என்றால் கழுவும்போதும் புகைப்புரையில் காயும்போதும் பெரும்பாலும் போய்விடும். கந்தக ஆசிட் ஆவியாகாது, ரப்பரிலேயே தங்கிக் கெடுக்கும். பிளஸ் டூ ஆய்வகம் உள்ள பள்ளியில் கேளுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்சம் ஆசிட்டை விட்டு (ஆசிட்டில் தண்ணீரை விடவே கூடாது) இரண்டு சொட்டு பேரியம் குளோரைடு சேர்த்தால் போதும். வெள்ளையாகப் படிந்தால் கந்தக ஆசிட் கலந்திருக்கிறது. மீதி ஆசிட்டைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. கடை கேரளத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

கே: அமிலமா காரமா என்று சோதித்துப் பார்க்க மகளுக்கு லிட்மஸ் தாள் வாங்கலாமா, மஞ்சள் தடவிய தாள் போதுமா? (களியக்காவிளை)

ப: மஞ்சள் காரத்துக்குத்தான் சிவக்கும், எலுமிச்சைச் சாற்றுக்கு மாறாது. லிட்மஸே வாங்குங்கள்.

கே: மண்டபத்தில் கூட்டம் போட்டு 'கார நீர்' மெஷின் காட்டினார்கள். சொட்டு விட்டதும் மெஷின் தண்ணீர் ஊதாவானது, பக்கத்து டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளானது. விலை 60,000 ரூபாய். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல். வாங்கலாமா? (மார்த்தாண்டம்)

ப: வேண்டாம். அந்தச் சொட்டு வெறும் நிறங்காட்டி. சலவைச் சோடா கரைத்த தண்ணீரிலும் ஊதாதான் வரும், அதை அம்மாவுக்குக் கொடுப்பீர்களா? பக்கத்து டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளானதற்குக் காரணம், காற்றிலிருந்து கரைந்த கார்பன் டை ஆக்சைடு. அது விஷமில்லை.

பிஎச் என்பது அமில, கார அளவு: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். அதில் ஒரு படி என்றால் 10 மடங்கு. வயிற்று அமிலம் ஏறக்குறைய 2, மெஷின் தண்ணீர் 9. அந்த 9 என்ற அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் தண்ணீரின் காரத்தைத் தீர்க்க வயிற்று அமிலம் ஒரு மில்லி போதும்! இதைச் சொல்லாமல் விற்பவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. அப்பாவின் அல்சருக்காக நானும் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். டாக்டரிடம் போகாமல் 8 மாதம் குடித்தார். அந்த 8 மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? அம்மாவை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: கழிவறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினேன், மூச்சு முட்டியது. கலக்காதே என்று லேபிளில் பொடி எழுத்தில்தான் இருந்தது. வழக்குப் போடலாமா? (கொல்லங்கோடு)

ப: நிற்காது. பொடி எழுத்தானாலும் படித்திருக்கிறீர்களே! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இன்னும் இருமல் இருந்தால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.