நூறு வரை சொல்கிறாள், ஏழு எடுத்துத் தருவாளா?

வணக்கம் சார்,

என் மகளுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். நூறு வரை தடங்கலில்லாமல் சொல்கிறாள். ஆனால் எழுத உட்காரவைத்தால் அழுகிறாள். 3, 7 இரண்டையும் திருப்பிப் போடுகிறாள். தினமும் ஒரு மணி நேரம் எழுதவைத்தால்தான் கை பழகும் என்கிறார் கணவர். ட்யூஷன் வைக்கலாமா? நல்ல ஆப் ஏதாவது உண்டா? ஒன்றாம் வகுப்புக்குள் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

'நூறு வரை தடங்கலில்லாமல் சொல்கிறாள்' என்று பெருமையோடு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நாலரை வயதுக்கு ட்யூஷன் வேண்டாம். ஆப்பும் வேண்டாம். எண்ணைத் திருப்பிப் போடுவதற்காக அவளைத் திட்டவே திட்டாதீர்கள். கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று அவள் கண் இத்தனை நாளும் பழகியிருக்கிறது. பக்கம் மாறினாலே தப்பாகிவிடும் ஒன்றை இப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறாள். ஆறேழு வயது வரைகூடப் பல குழந்தைகள் இப்படி எழுதும். பிறகு சரியாகிவிடும்.

இப்போது அந்த நூறு. ஏழு பொத்தான் எடுத்துத் தரும்படி அவளிடம் கேளுங்கள். எண்ணாமல் கைநிறைய அள்ளிக்கொண்டு வரலாம். எண்ணிய பிறகு 'மொத்தம் எத்தனை?' என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். அப்படியானால் நூறு வரை அவள் சொல்வது இன்னும் பாட்டு மாதிரிதான். அதில் குறை ஒன்றுமில்லை, எல்லாக் குழந்தைகளும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் சின்னக் குழந்தைகளிடம் பொம்மைகளை எண்ணித் தரச் சொன்னார். கடகடவென்று எண் சொல்லத் தெரிந்த பிள்ளைகளில் சிலர், ஒன்று கேட்டால் ஒன்று தந்தார்கள். அதற்கு மேல் கேட்டால் ஒரு பிடி அள்ளித் தந்தார்கள். இரண்டு என்றால் என்ன, மூன்று என்றால் என்ன என்பதெல்லாம் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் புரிகிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்குப் பிறகு.

அதோடும் முடிவதில்லை. ஆறு காசு ஒரு வரிசை, அதன் கீழே ஆறு காசு இன்னொரு வரிசை வையுங்கள். அவள் கண்ணெதிரிலேயே கீழ்வரிசையைத் தள்ளித் தள்ளிப் பரப்புங்கள். கீழேதான் அதிகம் என்று சொல்லக்கூடும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதை அன்றே காட்டிவிட்டார். பரப்பினாலும் ஆறு ஆறுதான் என்பது உறைக்காத குழந்தையிடம் போய் ஆறும் இரண்டும் எத்தனை என்று நோட்டில் எழுதச் சொல்கிறோம். கோபமாக வருகிறது எனக்கு.

என் அம்மா வீட்டில் சட்டை தைப்பார். தம்பி ரொம்பச் சின்னவன். 'இந்தச் சட்டைக்குப் பொத்தான் கொண்டா' என்பார், எத்தனை என்று சொல்ல மாட்டார். அவன் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியை நோக்கி ஓடுவான். குறைவாகக் கொண்டுவந்தால் அம்மா ஒன்றும் சொல்லாமல், அவன் கொண்டுவந்ததைத் துளைகளுக்கு நேரே வைப்பார். கடைசித் துளை காலியாகக் கிடக்கும். அவன் அதைப் பார்ப்பான், மறுபடி ஓடுவான். தப்பு என்ற சொல்லே அந்த விளையாட்டில் வராது. அவனுக்கு எண்ணிக்கை அங்கேதான் பிடிபட்டது. எண்ணுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. உங்கள் மகளின் நோட்டில் 3-க்கு என்ன வேலை?

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அழுகிற குழந்தையை ஒரு மணி நேரம் பிடித்துவைத்தால் கை பழகாது, நோட்டைக் கண்டாலே பயம்தான் பழகும். பத்து நிமிடம், அவளுக்கு மனமிருந்தால். இல்லையென்றால் நோட்டை மூடிவிடுங்கள். நீங்களும்தான்: 'பின்தங்கிவிடுவாளோ' என்ற பேச்சை அவள் காதுபட இன்னொரு தடவை பேசாதீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதை அவள் சுமக்க வேண்டாம்.

துணி மடிக்கும்போது கூப்பிடுங்கள். நாலு பேருக்கு ஆளுக்கொரு துண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். மூன்றோடு வந்தால் திருத்தாதீர்கள். துண்டு கிடைக்காத ஆள் கையை நீட்டிக்கொண்டு நிற்கட்டும், அவளே போய் எடுத்துவருவாள்.