எலக்ட்ரீஷியன் படிக்கக் கேட்கும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. ப்ளஸ் டூ முடித்த மகள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) எலக்ட்ரீஷியன் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், வீட்டில் யாருக்கும் மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "கரண்ட் வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்று அவள் அப்பா கேட்டாராம்.

அவரை ஒருநாள் வீடு கட்டும் இடம் எதற்காவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் கலவை சுமந்து மேலே ஏறுகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள்! இருபது வருஷம் உழைத்தாலும் அவர்கள் சித்தாள்தான். கரண்டி பிடிப்பவர் கொத்தனார். கூலியும் அவருக்குத்தான் அதிகம். பாரம் தூக்கப் பெண் வேண்டும், தொழில் கற்கப் பெண் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? இத்தனைக்கும் எலக்ட்ரீஷியன் வேலையில் உடம்பு பலத்தைவிடக் கணக்கும் கவனமும்தான் பெரிது. சர்க்யூட் படத்தைப் படிக்க வேண்டும், மெகர் என்ற மீட்டரை வைத்து வயரின் இன்சுலேஷன், அதாவது மின்காப்பு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மோட்டார் ஸ்டார்ட்டரில் கோளாறு எங்கே என்று தேட வேண்டும்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். படிப்பு 2 ஆண்டு. மேலே படிக்க ஆசைப்பட்டால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழி இருக்கிறது.

"ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஆலைகளில் பெண்களை நிறைய எடுக்கிறார்களே, அங்கே போகட்டுமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அசெம்ப்ளி லைனில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வெளியே வரும்போது கையில் தொழில் இருக்காது. அதே ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவுக்குள் போக இந்தச் சான்றிதழ் உதவும். அங்கே பெண்கள் இன்னும் குறைவு. எனக்கு அதுதான் ஆதங்கம்.

சரி, அவள் அங்கே பாதுகாப்பாக இருப்பாளா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. அவளால் முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் போகும் இடம் எப்படி என்பதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும். பட்டறைக்குப் பக்கத்திலேயே பெண்கள் கழிப்பறை இருக்கிறதா? அது தூரத்தில் இருந்ததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். பாதுகாப்பு ஷூவும் கையுறையும் அவள் அளவுக்குக் கிடைக்குமா? தொளதொள கையுறையோடு மின்சாரத்தில் கை வைப்பது ஆபத்து. அப்புறம், செய்முறை வகுப்பில் ஸ்க்ரூடிரைவர் யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். பல இடங்களில் பையன்கள் வயரிங் செய்வார்கள், பெண்கள் ரெக்கார்டு நோட்டு எழுதுவார்கள். உங்கள் மகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நோட்டை முறை வைத்து எழுதுங்கள், டெஸ்டரை நீ பிடி என்று.

படிப்பு முடிந்து ஆலைக்கு அப்ரன்டிஸாக (தொழில் பழகுநராக) போகும்போது ஷிப்ட் பற்றிக் கேளுங்கள். ஆலைகளில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. அவற்றைக் கேட்டுப் பெறுவது உரிமை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும்; சின்ன இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

இன்னொன்றும் விசாரியுங்கள்: திருநங்கை, திருநம்பி மாணவர்கள் அங்கே படிக்கிறார்களா, வருகைப் பதிவில் அவர்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அவர்களைக் கண்ணியமாக நடத்தும் பட்டறை உங்கள் மகளையும் அப்படியே நடத்தும் என்று நான் நம்புகிறேன். 2017இல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளுக்கு வேலை கொடுத்தது. சிலர் சீக்கிரமே விலகினார்கள். காரணம், தங்க வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. வேலையைக் கொடுத்தால் மட்டும் போதாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் தங்கும் விடுதியைப் பற்றியும் கேளுங்கள்.

அடுத்த வாரம், வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்து மூவரும் ஐடிஐக்குப் போய் வாருங்கள். அங்கே படிக்கும் பெண்களிடம் உங்கள் மகள் தனியாகக் கொஞ்ச நேரம் பேசட்டும். அதுவரை அவள் அப்பாவைப் பட்டறைக்குள் கூட்டிப்போய் நிற்க வையுங்கள்.