புரோ வாங்கலாமா? நடுவில் வரும் கன்சோல்கள் பற்றிக் கேள்வி பதில்

டிவியில் இணைத்தோ கையில் வைத்தோ கேம் விளையாடும் கன்சோல் ஒன்று வந்து மூன்று நான்கு வருடத்தில், அதே குடும்பத்தில் சற்றே மேம்பட்ட தம்பி ஒன்று வரும். அதைப் பற்றி வந்த கேள்விகளை எனக்குப் பிடித்த வரிசையில் எடுத்துக்கொண்டேன்.

சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இருக்கிறது. புரோவுக்கு மாறலாமா?

முதலில் உங்கள் டிவி என்ன, சொல்லுங்கள். மிகத் தெளிவான படம் காட்டும் 4கே வகை இல்லையென்றால் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

4கே டிவி என்றால் மேலே படியுங்கள். பிஎஸ்5 புரோ 2024 நவம்பரில் 700 டாலருக்கு வந்தது. அந்த விலையிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். படம் வரையும் பகுதி நன்றாகப் பெருத்திருக்கிறது. கேமைக் குறைந்த தெளிவில் வரைந்து, இயந்திரக் கற்றல் மூலம் 4கே அளவுக்கு ஏற்றும் வசதியும் உண்டு. ஆனால் கேமின் மற்ற கணக்குகளைப் போடும் மூளையான சிபியு கிட்டத்தட்ட பழையதேதான். சிபியு திணறுவதால் மெதுவாக ஓடும் கேம், புரோவிலும் பெரிதாக வேகம் எடுக்காது. அறிமுகமானபோது இந்தியாவில் இதை விற்கவில்லை. அதில் உள்ள வைஃபை 7க்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தால் வாரண்டியை யாரிடம் கேட்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

ஓலெட் என்ற புதுவகைத் திரையோடு வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் ஓலெட், பழைய ஸ்விட்சைவிட வேகமா?

இல்லை. திரை பெரிது, 7 அங்குலம். சேமிப்பு 64 ஜிபி. வேகம் அதேதான்.

செகண்ட் ஹேண்டில் சாதாரண ஸ்விட்ச் பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி. நிண்டெண்டோ 2019இல் சத்தமில்லாமல் உள்ளே இருந்த சிப்பை மாற்றியது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடிய பேட்டரி, நாலரை முதல் ஒன்பது மணி நேரமானது. என் கணக்கில் உண்மையான மேம்பாடு இதுதான். சீரியல் எண் எக்ஸ்கேடபிள்யூ என்று தொடங்கினால் புதியது, எக்ஸ்ஏடபிள்யூ என்றால் பழையது. பெட்டியில் உள்ளதை நம்பாமல் கருவியின் அடியில் பாருங்கள். புதிய பெட்டிக்குள் பழையதைப் போட்டு என் தலையில் ஒருவர் கட்டியிருக்கிறார்.

எட்டு வயதுப் பையனுக்கு எது வாங்கலாம்?

அது வேறு பஞ்சாயத்து. ஸ்விட்ச் லைட்டை டிவியில் இணைக்க முடியாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

வாங்கியவனை முட்டாளாக்கும் இந்த வேலையைத் தொடங்கியது சோனிதானே?

கிடையாது. 2008இல் நிண்டெண்டோவின் கையடக்க டிஎஸ்ஸுக்குத் தம்பியாக டிஎஸ்ஐ வந்தபோதே 4 எம்பி ரேம் 16 ஆனது, கேம்பாய் அட்வான்ஸ் கேம் போடும் துளை காணாமல் போனது. 2014இல் 3டிஎஸ்ஸுக்குத் தம்பியாக நியூ 3டிஎஸ். ரேம் இரட்டிப்பு, சிபியு வேகம் மும்மடங்கு. இருந்தும் அதற்கென்றே பெட்டியில் வந்த கேம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடிக்கணக்கானவர்களிடம் பழைய கருவி இருக்கும்போது எவன் புதியதற்கு மட்டும் கேம் எழுதுவான்? இன்னும் பின்னே போனால் 1998இல் நிண்டெண்டோ 64க்கு வந்த, ரேமைக் கூட்டும் எக்ஸ்பான்ஷன் பேக். பிஎஸ்4 புரோவில் ஓடும் கேம் எல்லாம் சாதாரண பிஎஸ்4லும் ஓட வேண்டும் என்று சோனி விதியே வைத்தது. நியாயமாகப் பார்த்தால் நல்ல பிள்ளை அதுதான்.

எக்ஸ்பான்ஷன் பேக் வெறும் துணைக்கருவி. அதை எப்படிச் சேர்க்கலாம்?

ஏன் கூடாது? ரேம் 4 எம்பியிலிருந்து 8 எம்பி ஆனது. அது இல்லாமல் டாங்கி காங் 64 ஓடாது. அதனால்தான் கேம் பெட்டியிலேயே அதையும் வைத்துக் கொடுத்தார்கள். பழைய கருவியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். புரோக்களைவிட யோக்கியமான வழி.

அப்படியானால் சேகா 32எக்ஸும் யோக்கியமா?

கிண்டல் புரிகிறது. 1994 நவம்பரில் அமெரிக்காவில், பழைய சேகா கன்சோலில் மாட்டும் 32எக்ஸ், அதே மாதம் ஜப்பானில் அடுத்த தலைமுறை சாட்டர்ன். வாங்கியவன் வயிறு எரிந்தது நியாயம்தான். ஆனால் அங்கே தவறியது நேரம். துணைக்கருவி என்ற யோசனையைக் குறை சொல்ல முடியாது.

கேம்பாய் கலர் எந்தக் கணக்கு? புதிய தலைமுறையா, நடு மேம்பாடா?

கறுப்புக் கேட்ரிட்ஜ் பழைய கேம்பாய், கலர் இரண்டிலும் ஓடும், கண்ணாடி போன்றது கலரில் மட்டும். நிண்டெண்டோவே இரண்டின் விற்பனையையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. நடு மேம்பாடு என்பேன். “கலருக்கு மட்டும் அத்தனை கேம் எழுதினார்களே, புதியதற்கு மட்டும் எவனும் எழுத மாட்டான் என்ற உங்கள் விதி என்ன ஆச்சு?” என்று இன்னொருவர் மடக்குகிறார். சரி, அந்த இடத்தில் என் விதி ஓட்டைதான்.

ஸ்விட்ச் ஓலெட் வேகமாக இருக்குமா?

மேலே பாருங்கள்.

பிஎஸ்4 புரோ மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

டிவி? 4கே என்றால் எடுக்கலாம். கிராபிக்ஸ் வேகம் 1.84இலிருந்து 4.2 டெராஃப்ளாப்ஸ் ஆனது. சிபியு 1.6இலிருந்து 2.1 கிகாஹெர்ட்ஸ்தான். அதனால் நொடிக்கு 30 ஃப்ரேமில் ஓடிய கேம்கள் பெரும்பாலும் 30லேயே நின்றன. 4கே படத் தட்டு இதில் ஓடாது. அதே 2016இல் வந்த, விலை குறைந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸில் ஓடும்!

கையடக்கக் கேம் கணினியான ஸ்டீம் டெக்கின் ஓலெட் வகை?

திரை 60க்குப் பதில் 90 ஹெர்ட்ஸ், பேட்டரி 40க்குப் பதில் 50 வாட்-அவர். வேகம் ஏறக்குறைய அதேதான். கையில் வைத்தே விளையாடுபவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஓலெட் ஸ்விட்சில் கேம் வேகமாக ஓடுமாமே, நண்பன் சொன்னான்.

நண்பனை மாற்றுங்கள்.

என்னிடம் 32 இன்ச் எச்டி ரெடி டிவி. பிஎஸ்5 புரோ எடுக்கலாமா?

வேண்டாம். அந்தக் காசில் டிவி வாங்குங்கள்.