உளவளத்துணை கேள்வி–பதில்: இறைப்புக்குப் போகிற பெடியனுக்குப் பொறுப்பில்லையாம்!

கேள்வி: என் மகன் உயர்தரம் படிக்கிறான். விடிய எழும்பி வெங்காயத்துக்கு இறைத்துவிட்டுத்தான் ரியூசனுக்குப் போவான். அவனும் ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவின் மகனும் இணையத்தில் ஒரே ஆளுமைச் சோதனையைச் செய்தார்கள். பொறுப்புணர்வில் மருமகனுக்கு அதிகப் புள்ளி, இவனுக்குக் குறைவு. அங்கே அவன் தான் சாப்பிட்ட கோப்பையையே கழுவுவதில்லை என்று மச்சாள் புலம்புவாள். இந்தச் சோதனையை நம்பலாமா?
– ஒரு தாய், உரும்பிராய்

பதில்: அம்மா, அந்த இரண்டு புள்ளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் பிழை. 'எடுத்த வேலையை ஒழுங்காக முடிப்பேன்' என்பதற்கு 1 முதல் 5 வரை போடச் சொன்னால் உங்கள் மகன் யாரை நினைப்பான்? தனக்கு முதலே மிசின் போட்டுவிடும் பக்கத்துத் தோட்டக்காரரை, மூன்று பாடத்திலும் ஏ எடுப்பான் என்று ஊரே சொல்லும் வகுப்புப் பெடியனை. 3 போடுவான். மருமகன் தன் கூட்டாளிகளைப் பார்த்து 5 போடுவான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆட்கள்தான் வேறு.

நாடுகளை ஒப்பிடுவதில் இந்தச் சிக்கல் இருப்பதை 2002இல் வன்கூவர் ஆய்வாளர் ஸ்டீவன் ஹைனும் கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினார்கள். 2007இல் வெளியான, 56 நாடுகளில் 17,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வில் பொறுப்புணர்வில் யப்பானியர் அடிமட்டத்தில் நின்றார்கள். ரயில் கொஞ்சம் பிந்தினாலே மன்னிப்புக் கேட்கிற சனம்!

இன்னொரு சிக்கல், எல்லாவற்றுக்கும் 'ஓம்' சொல்வது. போருக்குப் பிறகு மீள்குடியேறிய கிராமங்களுக்கு நானும் படிவம் நிரப்பப் போயிருக்கிறேன். 'நீங்கள் அமைதியான ஆளா, அம்மா?' 'ஓம் தம்பி.' 'கெதியாகக் கோபம் வருமா?' 'ஓம் தம்பி, முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கோ.' வீடு தேடி வந்தவனுக்கு இல்லை என்று சொல்ல மனம் வராது. 23 நாடுகளின் தரவுகளைப் பார்த்து 2019இல் வந்த ஓர் ஆய்வும், வருமானம் குறைந்த நாடுகளில் நேரில் கேட்டு நிரப்பும்போது இந்த ஆளுமைக் கேள்விகள் அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பதில்லை என்றது. இணையத்தில் தாங்களாகவே நிரப்பியவர்களிடம் நிலைமை பரவாயில்லை.

அதனால் மகனின் முடிவைக் குப்பையில் போட வேண்டாம். அவனுடைய வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஓரளவு அர்த்தம் இருக்கும். அவனைத் தினமும் பார்க்கும் ஒருவர் அதே கேள்விகளை அவனைப் பற்றி நிரப்பினால் இன்னும் நல்லது. ரியூசன் வாத்தியாரைக் கேளுங்கள். அப்பாவிடம் கொடுக்காதீர்கள், எங்கள் ஊர் அப்பாமார் சொந்தப் பிள்ளைக்கு 3க்கு மேல் போடமாட்டார்கள்.