வாசகர் கேள்விகள்: கடல் பிளந்த இரவும் அதற்குப் பின்னும்

இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைப் பற்றியும் அப்போது நிகழ்ந்ததாக வேதாகமம் கூறும் அற்புதங்களைப் பற்றியும் வந்த கடிதங்களுக்கு இம்மாதம் பதில் அளிக்கிறோம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகன், செங்கடல் பிளந்தது வெறும் காற்றின் வேலை என்று கணினி மூலம் நிரூபித்துவிட்டார்கள் என்கிறான். ஞாயிறு பள்ளியில் இதை அற்புதம் என்று நான் எப்படிக் கற்பிப்பது? (வாசகி, உட்லண்ட்ஸ்)

உங்கள் மகன் சொல்வது 2010ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணினி மாதிரியாக இருக்கலாம். நைல் கழிமுகத்தின் கிழக்கே முற்காலத்தில் இருந்ததாகக் கருதப்படும் ஆழமற்ற நீர்நிலை ஒன்றின்மீது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் 12 மணி நேரம் கிழக்கிலிருந்து கீழ்க்காற்று வீசினால், நீர் ஒதுங்கி, சுமார் 4 மணி நேரத்துக்கு நடந்து கடக்கத்தக்க தரை வெளிப்படும் என்று அது காட்டியது. அப்படி நடந்திருக்கக்கூடும் என்பதோடு அந்த ஆய்வு நின்றுகொள்கிறது. "நிரூபித்துவிட்டார்கள்" என்பது உங்கள் மகன் சேர்த்தது.

ஆனால், காற்றைக் கண்டு நீங்கள் கலங்கத் தேவையில்லை. இந்த விடுதலையைச் சொல்லும் வேதாகம நூலான யாத்திராகமத்தின் 14ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் பலத்த கீழ்க்காற்றினால் கர்த்தர் கடலை ஒதுங்கச் செய்தார் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அதற்குமுன் எகிப்தின்மேல் வாதையாக வெட்டுக்கிளிகளைக் கொண்டுவந்ததும் கீழ்க்காற்றுதான். மேற்கிலிருந்து வீசிய மேல்காற்று அவற்றை வாரிக்கொண்டுபோய்க் கடலில் போட்டது. இயற்கைக்கு ஒரு கணக்கேடு, இறைவனுக்கு வேறொரு கணக்கேடு என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்நூலை எழுதியவர்களுக்கு இல்லை. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் இரதங்கள் என்று சிக்கிக்கொண்ட அடிமைக் கூட்டத்துக்கு அந்த ஓர் இரவில் காற்று வழிவிட்டது, விடிந்ததும் துரத்தி வந்தவர்கள்மேல் நீர் திரும்பிவிட்டது என்பதைத்தான் அவர்கள் அற்புதம் என்றார்கள். அடுத்த அதிகாரத்தில் அதே நிகழ்ச்சி பாட்டாகும்போது, காற்று இறைவனின் நாசியின் சுவாசமாகிறது. எகிப்தியர் ஈயம்போல நீரில் அமிழ்கிறார்கள். மோசேயின் சகோதரி மிரியாம் கையில் தம்புரு எடுத்து முன்னே செல்ல, பெண்கள் ஆடிக்கொண்டு பின்தொடர்கிறார்கள். உரைநடையாகவும் பாட்டாகவும் இருமுறை சொல்லப்பட்ட இந்த நிகழ்ச்சியை வானிலை அறிக்கையாக மட்டும் படிப்பது பாதியைப் படிப்பதாகும்.

எகிப்தியர் எழுதிவைத்த பதிவுகளில் இந்த வெளியேற்றம் கிடைக்கவில்லை என்பதையும், இஸ்ரவேல் என்ற பெயர் கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெர்நெப்தா மன்னன் நாட்டிய கல்வெட்டில், ஏற்கனவே கானானில் வாழும் ஒரு மக்கட்கூட்டத்தின் பெயராகவே தென்படுகிறது என்பதையும் அவனிடம் மறைக்காதீர்கள். படிக்கிற பிள்ளை, என்றாவது ஒருநாள் தானாகவே தெரிந்துகொள்வான்.

வகுப்பில் நீங்கள் அழுத்திச் சொல்லவேண்டியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் பிளந்ததைக் கண்ணால் கண்ட அதே கூட்டம், மூன்று நாள் நடந்ததும் மாராவில் தண்ணீர் கசக்கிறது என்று மோசேயிடம் முறுமுறுத்தது. பார்த்தவர்களின் விசுவாசம் மூன்று நாள்கூட தாங்கவில்லை. ஆகையால்தான், "இதற்குப் பொருள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது" என்ன பதில் சொல்லவேண்டும் என்பதை யாத்திராகமம் 12, 13 அதிகாரங்களும் உபாகமம் 6ஆம் அதிகாரமும் மறுபடியும் மறுபடியும் வகுத்துவைக்கின்றன. நேரில் கண்டவர்களைக் காட்டிலும், கேட்டு வளரப்போகும் பிள்ளைகளையே வேதம் பெரிதும் நம்பியிருக்கிறது. உங்கள் மகன் கேட்டுவிட்டான். இனி உங்கள் முறை.

எகிப்தின்மேல் வந்த வாதைகள் பத்து என்று படித்தோம். சங்கீதங்களில் எண்ணினால் குறைகிறதே? (வாசகர், ஈசூன்)

குறையத்தான் செய்கிறது. 78ஆம் சங்கீதத்தில் பேனும் கொப்புளமும் இருளும் இல்லை. 105ஆம் சங்கீதம் இருளை முதலில் வைக்கிறது, கொப்புளத்தைச் சொல்லவில்லை. வியப்பு என்னவென்றால், கடல் பிளந்ததையே அது விட்டுவிடுகிறது. முன்னது முன்னோரின் மறதியைக் கண்டிக்கும் பாட்டு, பின்னது ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத் தவறாததைப் புகழும் பாட்டு. தத்தம் நோக்கத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டன. குர்ஆன், மூசாவுக்கு (மோசேக்கு) ஒன்பது தெளிவான அத்தாட்சிகள் கொடுக்கப்பட்டதாகக் கூறுவதை நம் முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளோடு வாசிப்பதற்கு 72 வசனங்கள் கொண்ட 78ஐவிட, எட்டே வசனங்களில் கடல் ஓடுவதையும் மலைகள் ஆட்டுக்கடாக்களைப்போலத் துள்ளுவதையும் பாடிவிடும் 114 ஏற்றது.

நான் கிறிஸ்தவன் அல்லன். நண்பர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட பஸ்கா இரவைப் பற்றிய பகுதியைக் கேட்டேன். பார்வோன் செய்த கொடுமைக்கு ஒன்றும் அறியாத வீடுகளின் தலைச்சன் பிள்ளைகள் சாவது என்ன நியாயம்? (வாசகர், பிடோக்)

இதற்குச் சுலபமாகப் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எபிரெய ஆண் குழந்தைகளை நைல் நதியில் போடும்படி முதலில் கட்டளையிட்டவன் பார்வோனே, செய்ததற்கேற்ற பலன் கிடைத்தது என்பார்கள். கதையின் போக்கில் அது உண்மைதான். ஆயினும் யாத்திராகமம் 11ஆம் அதிகாரம், சிங்காசனத்தில் வீற்றிருக்கும் பார்வோனின் தலைப்பிள்ளை முதல் திரிகைக்குப் பின்னால் இருக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளை வரை என்கிறது. அவளும் அடிமை, விடிவதற்கு முன்பே எழுந்து யாருக்கோ மாவு அரைத்துக் கொடுப்பவள், அரண்மனைக் கட்டளையில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. வேதம் அவளுக்காக ஒரு விளக்கமும் தரவில்லை. அவளை மறைக்கவும் இல்லை. 136ஆம் சங்கீதம் இந்தச் சாவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற பல்லவியோடு பாடுகிறது. அந்த வரியை என்னால் இன்றும் உரத்துப் படிக்க முடிவதில்லை.

அதே மரபுக்குள் வேறு குரல்களும் உள்ளன. எகிப்தியனை அருவருக்காதே, அவன் தேசத்தில் நீ பரதேசியாய் இருந்தாய் என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கடலில் எகிப்தியர் மூழ்கியபோது பாட விரும்பிய தூதர்களை, "என் கைகளின் படைப்பு மூழ்கிக்கொண்டிருக்கையில் பாடுவீர்களோ" என்று இறைவன் தடுத்ததாக யூதர்களின் மரபு நூலான தல்மூத் சொல்கிறது. பஸ்கா விருந்தில் ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை எடுத்துவிடுவது யூதர்களிடையே பரவலான வழக்கம். பிறர் துன்பத்தால் வந்த விடுதலையில் மகிழ்ச்சி முழுமையாகாது என்று அதற்குப் பலர் பொருள் கூறுகிறார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே தெருவில், 1878ஆம் ஆண்டு முதல் மகேன் அபோத் யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. நாம் கேட்கும் இதே கேள்வியோடு பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டிய மரபு அது.

எங்கள் சபையில் எகிப்திலிருந்து வந்த மீட்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் கேட்பவர்களில் சிலர், வீட்டில் இருக்கும் பணிப்பெண்ணுக்கு ஓய்வுநாள் கொடுக்க முகம் சுளிக்கிறார்கள். இரண்டையும் நான் முடிச்சுப்போடுவது மிகையா? (வாசகி, தெம்பனிஸ்)

முடிச்சைப் போட்டவர் நீங்கள் அல்லர், உபாகமம்தான். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இருமுறை வருகின்றன. யாத்திராகமம் 20இல், இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்ததே ஓய்வுநாளுக்குக் காரணம். உபாகமம் 5இலோ, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், எகிப்தில் நீ அடிமையாயிருந்ததையும் கர்த்தர் பலத்த கையினாலும் ஓங்கிய புயத்தினாலும் உன்னைப் புறப்படப்பண்ணியதையும் நினை என்று காரணமே மாறுகிறது. கடலைப் பிளந்த கையை, ஒரு வேலைக்காரியின் ஓய்வுக்குச் சாட்சியாக அழைக்கிறது அந்தக் கட்டளை.

சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வுநாள் 2013இல் சட்டமானது. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. மற்ற நாள்களை இருதரப்பும் ஒத்துக்கொண்டால் பணமாக மாற்றிக்கொள்ளலாம். உபாகமத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள்: கதையைத் தொடங்கிவைப்பவர்கள், குழந்தைகளைக் கொல்ல மறுத்த சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள். பார்வோனின் பெயரை எழுதாத நூல், இவர்கள் இருவரின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறது.

மன்னா என்ன சுவையாக இருந்தது என்று பேத்தி கேட்கிறாள். (வாசகர், ஆங் மோ கியோ)

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னா, கொத்துமல்லி விதை அளவில் வெண்மையாக, தேன் கலந்த பணியாரம்போல ருசித்தது என்கிறது யாத்திராகமம் 16. எண்ணாகமம் 11இன்படி, திரிகையில் அரைத்தோ உரலில் இடித்தோ, சட்டியில் சமைத்து அப்பமாக்கினார்கள். ஆளுக்கு ஓர் ஓமர், அதாவது ஏறத்தாழ 2 லிட்டர். மறுநாளுக்கு எடுத்துவைத்தால் புழு வைத்து நாறிவிடும். ஓய்வுநாளுக்காக முந்தின நாள் சேர்த்த இரட்டைப் பங்கு மட்டும் கெடாது. இத்தனை இருந்தும், எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். நாற்பது ஆண்டு தினமும் பணியாரம் என்றால் உங்கள் பேத்தியும் அழுதிருப்பாள். கானானின் விளைச்சலை அவர்கள் உண்ட மறுநாளே மன்னா நின்றுபோயிற்று என்று யோசுவா 5ஆம் அதிகாரம் சொல்கிறது.