வெளிநாட்டு மருத்துவக் கூட்டுத் திட்டங்கள்: கேள்வி பதில்

வெளிநாட்டு மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் இன்னொரு நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களோடு கைகோர்க்கும் திட்டங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இந்த வேலையிலேயே வெகுநாள் இருந்தவன், அதனால் சில இடங்களில் கறாராக இருக்கும்.

கேள்வி (மருத்துவ மாணவர்): சார், ஆரம்ப சுகாதாரம் என்பதே உள்ளூர்க்காரர்கள் செய்ய வேண்டிய வேலை. இதில் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன இடம்?

இடம் இருக்கிறது, ஆனால் சின்ன இடம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் கதையைப் பாருங்கள். டாக்காவில் 1960-ல் அமெரிக்க உதவியோடு காலரா ஆய்வுக்கூடம் தொடங்கியது. வாய்வழியாகக் கொடுக்கும் கரைசலே பெரும்பாலான காலரா நோயாளிகளின் நீரிழப்பைச் சமாளிக்கும், ஊசிவழித் திரவத்தின் தேவையைப் பெருமளவு குறைக்கும் என்று 1968-ல் அங்கே உறுதியானது. அமெரிக்கர்களும் வங்காளிகளும் சேர்ந்து செய்த வேலை. 1971-ல் மேற்கு வங்காளத்தின் போங்காவ்ன் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதைப் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டினார்.

ஆனால் கரைசல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அப்புறம்தான். பங்களாதேஷின் பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சம்பள முறை. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்பதை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் போய், அம்மாக்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். அதை வைத்துத்தான் கூலி. எந்த வெளிநாட்டு நிபுணரும் அந்த வாசல்படியில் உட்கார்ந்து இதைச் செய்திருக்க முடியாது. அதேபோல, அந்த ஆய்வுக்கூடம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கக் கரைசலே இருந்திருக்காது.

கேள்வி (வெளிநாட்டில் பணிபுரியும் மருத்துவர்): நாங்கள் நான்கைந்து நண்பர்கள் வருடத்துக்கு இரண்டு வாரம் ஓர் ஏழை நாட்டுக்குப் போய் இலவச மருத்துவ முகாம் நடத்த நினைக்கிறோம். உங்கள் கருத்து?

நல்ல மனசு, ஆனால் தப்பான வடிவம். கண்புரை, உதட்டுப் பிளவு போன்றவற்றுக்கு வருகை தரும் குழு ஓரளவு உதவும், அங்கேயும் பின்கவனிப்புக்கு ஆள் வேண்டும். ஆரம்ப சுகாதாரத்தில் பெரும்பகுதி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கர்ப்பகால கவனிப்பும்தான். முகாமில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கண்டுபிடிப்பீர்கள், ஒரு மாத மாத்திரை கொடுப்பீர்கள். இரண்டாவது மாதம் அவர் யாரிடம் போவார்? நீங்கள் கொடுத்த மாத்திரை அந்த ஊர் மருந்தகத்தில் இருக்குமா?

உலக சுகாதார நிறுவனம் இதயநோய்த் தடுப்புக்காக 2016-ல் கொண்டுவந்த 'ஹார்ட்ஸ்' வழிமுறைத் தொகுப்பு இதற்குத்தான் வழி சொல்கிறது: நாடு முழுக்க ஒரே எளிய சிகிச்சை முறை, தட்டுப்பாடு வராத சில மாத்திரைகள், தொடர்ந்து பார்த்துக்கொள்ளச் செவிலியர் உள்ளிட்ட குழு. உங்கள் இரண்டு வாரத்தை அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கவும், பதிவேட்டைச் சேர்ந்து பார்க்கவும் செலவிடுங்கள். மீதி ஐம்பது வாரத்துக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-ல் தொடங்கிய 'எக்கோ' திட்டம் அப்படித்தான் நடக்கிறது. தொலைதூர மருத்துவர்கள் குறிப்பிட்ட நேரத்தில் இணைந்து தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள், நிபுணர்கள் கூடவே யோசிப்பார்கள். ஹெபடைடிஸ் சி நோய்க்குப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கிடைத்த அதே அளவு குணம் சின்ன கிளினிக்குகளிலும் கிடைத்ததை 2011-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். விமான டிக்கெட் காசும் மிச்சம்.

கேள்வி (தொண்டு நிறுவன நிர்வாகி): ஒரு வெளிநாட்டு மருத்துவமனை தாங்கள் பயன்படுத்திய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின், ரத்தப் பரிசோதனைக் கருவி, கொஞ்சம் மருந்துகள் எல்லாம் அனுப்புவதாகச் சொல்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி கேட்காமல் வாங்காதீர்கள். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இயங்காமல் கிடக்கின்றன என்று 2011-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. உங்கள் மின்சார வோல்டேஜுக்கு ஒத்துவருமா? ரத்தப் பரிசோதனைக் கருவிக்கு வேண்டிய ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) உங்கள் நாட்டில் கிடைக்குமா, யார் காசில்? பழுதானால் பார்க்கத் தெரிந்த டெக்னீஷியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? ஸ்கேன் எடுக்கச் சட்டப்படி அனுமதி பெற்றவர் உங்களிடம் இருக்கிறாரா? இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அவர்களுடைய குப்பையை உங்கள் அறைக்கு மாற்றிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

மருந்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை வழிகாட்டி இருக்கிறது. வந்து சேரும்போது காலாவதியாகக் குறைந்தது ஒரு வருடமாவது மீதி இருக்க வேண்டும், பெறும் நாட்டின் மருந்துப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும், கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். மறுக்கச் சங்கடமாக இருந்தால் அந்த வழிகாட்டியைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் மேலை நாட்டுப் பேராசிரியர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்குத்தானே?

பல இடங்களில் ஆமாம். ரத்த மாதிரியும் தரவும் பறந்து போகும், கட்டுரையில் உள்ளூர் மருத்துவரின் பெயர் நன்றியுரையில் வரும். ஆனால் கென்யாவின் எல்டோரெட் நகரத்தைப் பாருங்கள். அங்குள்ள மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் 1989-ல் கைகோர்த்தன. ஆய்வைவிட நோயாளியைப் பார்ப்பதை முதலில் வைத்தார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள், கென்ய மாணவர்களும் இந்தியானாவுக்குப் போய்வந்தார்கள். 2001-ல் எச்ஐவி சிகிச்சைக்காக 'ஆம்பாத்' திட்டம் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள், பிறகு அதே ஏற்பாட்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று விரிந்தது. எச்ஐவி திட்டம் வந்தபோது இரு பல்கலைக்கழகங்களின் உறவுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். மூன்று வருட மானியத்தில் இது முளைத்திருக்காது.

கற்றுக்கொள்வது எதிர்த்திசையிலும் நடக்கிறது. பிரேசிலின் குடும்ப சுகாதாரத் திட்டத்தில் ஒரு சமூக சுகாதாரப் பணியாளர் சுமார் 150 குடும்பங்களைப் பார்த்துக்கொள்வார், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவார். 2021-ல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதி அந்த முறையை எடுத்துக்கொண்டது.

கேள்வி (செவிலியர்): பயிற்சி என்று அழைத்துப் போகிறார்கள், பிறகு அங்கேயே வேலை கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் நிலையம்தான் காலியாகிறது. இதைத் தடுக்க விதி இல்லையா?

2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நடத்தை நெறி கொண்டுவந்தது. ஆள் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளிலிருந்து வலிந்து ஆள் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் கட்டாயம் கிடையாது. போகிறவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை, யாருக்கும் நல்ல வாழ்க்கை தேடும் உரிமை உண்டு.

திட்டத்தைத் திருப்பிப் போடலாம். ருவாண்டா 2012-ல் அதைச் செய்தது. மாணவர்களை அனுப்புவதற்குப் பதிலாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களை நீண்டகாலத்துக்குத் தன் நாட்டுக்கே வரவழைத்தது. ஒவ்வொருவருக்கும் ஜோடியாக ருவாண்டாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். பணம் ருவாண்டா அரசின் கையில். எந்தத் துறைக்கு ஆசிரியர் தேவை என்று முடிவு செய்ததும் அரசுதான்.

கேள்வி: சமூக சுகாதாரப் பணியாளருக்குச் சம்பளம் அவசியமா? தொண்டாகச் செய்தால்தானே அர்ப்பணிப்பு இருக்கும்?

அவசியம். 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்லிவிட்டது. அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் திடீரென்று நின்றுவிட்டால்?

நிற்கும் என்று எடுத்துக்கொண்டே தொடங்குங்கள். பணம் மட்டுமல்ல, ஆளும் நிற்கலாம். பிரேசிலில் 2013-ல் கியூபா மருத்துவர்களை அழைத்து, மருத்துவரே இல்லாத ஊர்களில் வைத்தார்கள். 2018 நவம்பரில் அரசியல் தகராறில் கியூபா விலகியது, 8,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கிளம்பினார்கள். 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை முடக்கி, ஜூலையில் அந்த உதவியை நடத்திவந்த யுஎஸ்எய்டு அமைப்பையே மூடியது. பல நாடுகளில் எச்ஐவி கிளினிக் ஊழியர்களுக்கு ஒரே வாரத்தில் வேலை போனது.

அப்போது எது தப்பிக்கும்? அரசுப் பணியிடத்தில் அமர்ந்திருக்கும் செவிலியர், அரசு மருந்துக் கிடங்கு வழியாக வரும் மாத்திரை, அரசுப் பதிவேட்டில் உள்ள நோயாளிப் பட்டியல். திட்டத்துக்கென்று தனி சம்பளம், தனி கிடங்கு, தனி சாஃப்ட்வேர் வைத்தால் வேகமாக நடக்கும், அறிக்கையும் அழகாக வரும். ஆனால் இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்து அரசு நிலையத்தின் நல்ல செவிலியரை இழுத்துக்கொள்வதும் அதே ஏற்பாடுதான். திட்டம் முடிந்ததும் அவர் இரண்டு இடத்திலும் இருக்க மாட்டார்.

கேள்வி (மாவட்ட அளவில் பணிபுரியும் மருத்துவர்): அடுத்த மாதம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

வரைவை யார் எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள் எழுதியதென்றால் ஒரு வாரம் எடுத்து உங்கள் தேவைப் பட்டியலை நீங்களே எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வங்கிக் கணக்கு யார் பெயரில்? ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுப் பணம் எடுக்க முடியுமா? நோயாளித் தரவு எந்த நாட்டு சர்வரில் இருக்கும், மாதிரிகளை வெளியே அனுப்ப உங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒவ்வொரு முறையும் வேண்டுமா? ஆய்வுக் கட்டுரைகளில் பெருமை போய்ச் சேரும் முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் இடங்களில் உங்கள் ஆட்கள் எத்தனை? வரும் மாணவர்கள் உங்கள் செவிலியரின் நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், அதற்கு ஈடு என்ன? அவர்களுடைய பயிற்சி மருத்துவர் தன் நாட்டில் செய்ய அனுமதி இல்லாத சிகிச்சையை இங்கேயும் செய்யக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். விலகும் பிரிவில், ஆறு மாத முன்னறிவிப்பும் சம்பளப் பொறுப்பை ஒப்படைக்கும் தேதியும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வரைவை மேலதிகாரியிடம் கொண்டுபோகும் முன் உங்கள் தலைமைச் செவிலியரிடமும் மருந்தாளரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நடைமுறையில் எங்கே இடிக்கும் என்று அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.