ஷில்லர் பி.இ. போல, பணவீக்கம் சரிசெய்த பத்தாண்டு லாபத்தை வைத்து ஒரு தனி நிறுவனத்தின் பங்கை மதிப்பிட முடியுமா? எப்படிக் கணக்கிடுவது?

முடியும். பி.இ. என்பது பங்கின் விலையைப் பங்கொன்றின் ஓராண்டு லாபத்தால் வகுத்த எண். ஷில்லர் பி.இ.யில் ஓராண்டு லாபத்துக்குப் பதில், பணவீக்கம் சரிசெய்த பத்தாண்டுச் சராசரி லாபம் வரும். லாபம் ஏறி இறங்கும் சுழற்சித் தொழில்களுக்கு, அதாவது எஃகு, சிமெண்ட், சர்க்கரை, ரசாயனம், லாரி தயாரிப்பு போன்றவற்றுக்கு, இது மிக நல்ல முறை. வேகமாக வளரும் நிறுவனத்துக்கும், தொழிலின் அடிப்படையே மாறிப்போன நிறுவனத்துக்கும் இதே கணக்கு தவறான விடை தரும். பங்குச் சந்தைக் குறியீட்டுக்குக் கணக்கிடும்போது நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் கோளாறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒற்றை நிறுவனத்தில் அந்த வசதி இல்லை. எண்களைச் சுத்தம் செய்வதில்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது.

முதலில், இந்தச் சிரமம் ஏன் தேவை என்று பார்ப்போம். 2022 மார்ச் இறுதியில் டாடா ஸ்டீல் பங்கின் பி.இ. விகிதம் சுமார் 4. அந்த நிதியாண்டின் ஒருங்கிணைந்த நிகர லாபம் 41,700 கோடி ரூபாய்க்கு மேல். அதைப் பார்த்து "படுமலிவு" என்று சொன்னவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு லாபம் 8,100 கோடிக்கும் கீழே வந்தது, அதற்கடுத்த ஆண்டு சுமார் 4,900 கோடி நஷ்டம். பி.இ. 4 என்பது பங்கின் மலிவைக் காட்டவில்லை, எஃகு விலை உச்சத்தில் இருந்ததைத்தான் காட்டியது. இதன் மறுபக்கமும் உண்டு. 2009-இன் முற்பகுதியில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஓராண்டு லாபம் ஏறக்குறைய காணாமல் போனதால், அதன் பி.இ. 100-ஐத் தாண்டியது. பணவீக்கம் சரிசெய்த பத்தாண்டுச் சராசரி லாபத்தில் பார்த்தால் அதே சந்தை அந்த மார்ச் மாதத்தில் சுமார் 13 மடங்கில்தான் இருந்தது. வாங்க நல்ல நேரம் எது என்பதை இரண்டாவது எண் சரியாகச் சொன்னது.

லாபத்தைப் பல ஆண்டுகளுக்குச் சராசரி எடுக்கும் யோசனை பழையது. குறைந்தது 5 ஆண்டு, முடிந்தால் 7 அல்லது 10 ஆண்டு எடுங்கள் என்று பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-லேயே எழுதினார்கள். பொருளியலாளர்கள் ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் 1988-இல் அதைப் பணவீக்கத்துக்குச் சரிசெய்து குறியீடுகளில் சோதித்தார்கள். இன்று 'கேப்' அல்லது ஷில்லர் பி.இ. என்று அழைக்கப்படும் விகிதம் அதுதான்.

கணக்கிடும் முறைக்கு வருவோம். தேவையானவை மூன்று: பத்து நிதியாண்டுகளின் பங்கொன்றின் லாபம் (இனி இ.பி.எஸ்.), அதே ஆண்டுகளின் நுகர்வோர் விலைக் குறியீடு, இன்றைய விலை. இ.பி.எஸ்.ஸை ஒருங்கிணைந்த கணக்கிலிருந்து எடுங்கள். தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கை எடுத்தால், துணை நிறுவனங்களின் நஷ்டம் கண்ணில் படாது. மாற்றத்தக்க பத்திரங்களையும் ஊழியர் பங்குரிமைகளையும் சேர்த்துப் பார்க்கும் 'டைலூட்டட்' எண் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

விலைக் குறியீட்டில், ஒரு நிதியாண்டின் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான 12 மாதச் சராசரியை எடுக்க வேண்டும். லாபம் ஆண்டு முழுவதும் வந்தது, மார்ச் மாத எண்ணை மட்டும் எடுப்பது சரியல்ல. 2012-ஐ 100 ஆகக் கொண்ட அகில இந்தியத் தொடரில் 2015-16-இன் சராசரி சுமார் 124.7, 2024-25-இன் சராசரி சுமார் 192.6. ஆகவே 2015-16-இன் ஒரு ரூபாய் லாபம், 2024-25 மதிப்பில் 192.6 ÷ 124.7 = 1.54 ரூபாய்.

கற்பனையாக ஒரு எஃகு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலை 260 ரூபாய். ஒவ்வொரு வரியிலும் முதலில் இ.பி.எஸ்., அடுத்து பணவீக்கப் பெருக்கெண், கடைசியில் 2024-25 மதிப்பில் லாபம்.

2015-16: 6 × 1.54 = 9.24
2016-17: 9 × 1.48 = 13.32
2017-18: 14 × 1.43 = 20.02
2018-19: 18 × 1.38 = 24.84
2019-20: 8 × 1.32 = 10.56
2020-21: 10 × 1.24 = 12.40
2021-22: 40 × 1.18 = 47.20
2022-23: 22 × 1.10 = 24.20
2023-24: 15 × 1.05 = 15.75
2024-25: 13 × 1.00 = 13.00

கூட்டுத்தொகை 190.53, சராசரி 19.05 ரூபாய். 260-ஐ அதால் வகுத்தால் 13.6 மடங்கு. கடைசி ஆண்டு லாபத்தில் இதே பங்கின் பி.இ. 20. உச்ச ஆண்டின் 40 ரூபாயை வைத்தால் 6.5. பணவீக்கம் சரிசெய்யாத வெறும் சராசரி 15.5 ரூபாய், அதில் 16.8 மடங்கு. நாலு எண்களும் ஒரே பங்குக்கு, ஒரே நாளில்.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். கூட்டுத்தொகையில் ஏறக்குறைய கால்பங்கு 2021-22 என்ற ஒரே ஆண்டிலிருந்து வருகிறது. பத்து எண்களையும் வரிசைப்படுத்தி நடுவிலுள்ள இரண்டின் சராசரியை எடுங்கள்: 14.5 ரூபாய், அதாவது சுமார் 18 மடங்கு. சராசரிக்கும் நடுமதிப்புக்கும் இவ்வளவு தூரம் இருந்தால், அந்த ஓர் ஆண்டு மறுபடி வருமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. எஃகுக்குப் பத்தாண்டில் ஒருமுறை அப்படி வருவது இயல்பு, அதனால் நான் அதைச் சேர்த்தே கணக்கிடுவேன். கொரோனா காலத்தில் கையுறை, சானிடைசர் விற்று வந்த லாபமாக இருந்தால் நடுமதிப்பைத்தான் நம்புவேன்.

இப்போது பிழைகள் நுழையும் இடங்கள். மிக அதிகம் நடப்பது போனஸிலும் (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு) பங்குப் பிளவிலும் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது). ஆண்டறிக்கை தயாரிக்கும்போது, அந்த அறிக்கையில் காட்டப்படும் நடப்பு ஆண்டையும் முந்தைய ஆண்டையும்தான் புதிய பங்கு எண்ணிக்கைக்குத் திருத்துவார்கள். பழைய அறிக்கைகள் அப்படியே கிடக்கும். 1:1 போனஸ் வந்திருந்தால் அதற்கு முந்தைய எல்லா இ.பி.எஸ்.ஸையும் 2-ஆல் வகுக்க வேண்டும். டாடா ஸ்டீல் 2022 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாகப் பிரித்தது, அங்கே 10-ஆல் வகுக்க வேண்டும். தரவுத் தளங்களில் சில இதைச் செய்து தரும், சில தராது. பிளவு நடந்த ஆண்டின் இருபுறமும் உள்ள எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உரிமைப் பங்கு வெளியீடு, அதாவது இருக்கும் பங்குதாரர்களுக்குச் சலுகை விலையில் புதுப் பங்கு தருவது, கொஞ்சம் நுணுக்கமானது. விலை 200 ஆக இருக்கும்போது 4 பங்குக்கு 1 புதுப் பங்கு 100 ரூபாய்க்குக் கொடுத்தால், வெளியீட்டுக்குப் பிந்தைய கணக்கு விலை (4 × 200 + 100) ÷ 5 = 180. பழைய இ.பி.எஸ்.ஸை 180 ÷ 200, அதாவது 0.9-ஆல் பெருக்குங்கள். ஆனால் கியூ.ஐ.பி. மூலம், அதாவது பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கு மட்டும், சந்தை விலையை ஒட்டி விற்ற பங்குகளுக்கு எதையும் திருத்தக் கூடாது. அந்தப் பணம் பழைய ஆண்டுகளில் நிறுவனத்திடம் இல்லை. பழைய மொத்த லாபத்தை இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அடுத்தது விலைக் குறியீட்டுத் தேர்வு. வருமான வரித் துறை அறிவிக்கும் செலவுப் பணவீக்கக் குறியீடு கையில் எளிதாகக் கிடைப்பதால் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். வேண்டாம். அது நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் 75 சதவீதத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். 2015-16-இல் 254, 2024-25-இல் 363, பெருக்கெண் 1.43 தான் வருகிறது. நாம் மேலே பார்த்தது 1.54. பழைய லாபம் குறைவாகத் தெரிந்து பங்கு விலையேறியதாகத் தோன்றும். அதேபோல் அடிப்படை ஆண்டு மாறும் இடத்தில் இணைப்புக் காரணியைப் பயன்படுத்தியே தீர வேண்டும். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு 2020-இல் 2001 அடிப்படையிலிருந்து 2016 அடிப்படைக்கு மாறியபோது அந்தக் காரணி 2.88. அதை மறந்தால் குறியீடு ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது போல் இருக்கும்.

வரி விஷயத்தை ஏறக்குறைய யாருமே கவனிப்பதில்லை. 2019 செப்டம்பரில் இந்தியா நிறுவன வரியைக் குறைத்தது. அதுவரை பெரிய நிறுவனங்களுக்கு உச்ச விகிதம் 34.94 சதவீதம், புதிய முறையைத் தேர்ந்தவர்களுக்கு 25.17. வரிக்கு முந்தைய 100 ரூபாய் லாபத்தில் முன்பு 65.06 மிஞ்சியது, இப்போது 74.83. முழு வரி கட்டிவந்து பிறகு புதிய முறைக்கு மாறிய நிறுவனமாக இருந்தால், 2018-19 வரையிலான லாபத்தை 1.15-ஆல் பெருக்கினால்தான் இன்றைய நிலையோடு ஒப்பிட முடியும். ஆண்டறிக்கையின் வரிக் குறிப்பில் எந்த முறை என்று எழுதியிருப்பார்கள்.

நஷ்ட ஆண்டுகளைப் பூஜ்யமாகப் போடாதீர்கள். நஷ்டத்தையும் பணவீக்கத்தால் பெருக்கி, கழித்தல் குறியோடு சேர்க்க வேண்டும். நிறுவனங்கள் 'ஒருமுறைச் செலவு' என்று தனியாகக் காட்டும் இழப்புகளை நான் லாபத்திலிருந்து விலக்க மாட்டேன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒருமுறைச் செலவு தொழிலின் செலவுதான், அதைத் தாங்கத்தானே பத்தாண்டு எடுக்கிறோம்! நிலம் விற்றது, துணை நிறுவனத்தை விற்றது போன்ற வரவுகளை மட்டும் நீக்குங்கள். விற்றுவிட்ட பிரிவு முன்பு ஈட்டிய லாபத்தையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

கடன் நிலவரம் பத்தாண்டில் பெரிதாக மாறியிருந்தால் இ.பி.எஸ். ஏமாற்றும். கடனை அடைத்த நிறுவனத்தின் பழைய லாபம், இன்று இல்லாத வட்டியால் குறைந்து காணப்படும். அப்போது வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தைப் பத்தாண்டுச் சராசரி எடுத்து, பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்போடு நிகரக் கடனையும் கூட்டி, அந்தத் தொகையை இந்தச் சராசரியால் வகுப்பது மேல்.

கிடைத்த 13.6-ஐ எதோடு ஒப்பிடுவது? அமெரிக்கக் குறியீட்டின் நீண்டகாலச் சராசரியான சுமார் 17-ஐ ஒரு தனி இந்தியப் பங்குக்கு அளவுகோலாக வைப்பதில் எந்தப் பொருளும் இல்லை. அதே நிறுவனத்தின் பழைய கேப் விகிதங்களோடு ஒப்பிடுங்கள். அதற்கு இருபதாண்டு எண்கள் வேண்டும், பழைய ஆண்டறிக்கைகளைத் தோண்டத்தான் வேண்டும். இரண்டாவதாக அதே துறையின் மூன்று நான்கு நிறுவனங்களோடு. மூன்றாவதாக, விகிதத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: 19.05 ÷ 260 = 7.3 சதவீதம். இது பணவீக்கம் போக உள்ள ஈட்டம். இதை அரசுப் பத்திரத்தின் வட்டியோடு நேரடியாக ஒப்பிடுவது தவறு. பத்தாண்டுப் பத்திரம் 6.5 முதல் 7 சதவீதம் தருகிறது என்றால், ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 சதவீதப் பணவீக்கத்தைக் கழித்து, 2.5 முதல் 3 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும். இடைவெளி நாலு புள்ளிக்கு மேல் இருந்தால், சுழற்சித் தொழிலின் ஆபத்துக்கு அது நியாயமான கூலி என்பது என் கணிப்பு.

வளரும் நிறுவனத்தில் இந்தக் கணக்கு எவ்வளவு விலகும் என்பதையும் பாருங்கள். பணவீக்கம் போக ஆண்டுக்கு 20 சதவீதம் வளர்ந்த நிறுவனத்தின் பத்தாண்டுச் சராசரி லாபம், இன்றைய லாபத்தில் பாதிதான் இருக்கும். பி.இ. 30 என்றால் கேப் 60. பத்தாண்டுக்கு முன் அது வேறு அளவிலான நிறுவனம், அந்த லாபத்துக்கு இன்று மதிப்பில்லை. இதற்கு ஒரு நல்ல மாற்று வழி உண்டு: லாபத்தை விட்டுவிட்டு, பங்குதாரர் மூலதனத்தின் மீதான ஈட்டு விகிதத்தைப் பத்தாண்டுக்குச் சராசரி எடுத்து, அதைப் பங்கொன்றின் இன்றைய புத்தக மதிப்பால் (பங்குதாரர் மூலதனத்தைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்தது) பெருக்குங்கள். சராசரி ஈட்டு விகிதம் 13 சதவீதம், புத்தக மதிப்பு 150 ரூபாய் என்றால், இயல்பான லாபம் 19.5 ரூபாய். விகிதத்தைச் சராசரி எடுப்பதால் தனியாகப் பணவீக்கத் திருத்தம் தேவையில்லை, நிறுவனம் பெரிதானதும் கணக்கில் வந்துவிடுகிறது. சுழற்சி நிறுவனங்களுக்கும் இரண்டு வழியிலும் செய்து பார்ப்பது நல்லது. விடைகள் ஒன்றுக்கொன்று அருகில் வந்தால் நம்பிக்கை கூடும்.

தொழிலே மாறிவிட்ட இடத்தில் எந்தத் திருத்தமும் உதவாது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பிறகு, இந்திய செல்பேசி நிறுவனங்களின் முந்தைய பத்தாண்டு லாபம் அடுத்த பத்தாண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்று கேப் விகிதத்தில் மலிவாகத் தெரிந்ததில் பொருளே இல்லை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு மே மாதமும் முடிவுகள் வந்ததும் புது ஆண்டு உள்ளே வரும், பழைய ஆண்டு வெளியேறும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் அடுத்து வெளியேறுவது 9.24, அதனால் இ.பி.எஸ். மறுபடி 13 ஆகவே நின்றாலும் சராசரி சற்றே உயரும். ஆனால் 47.20 வெளியேறி, அந்த இடத்தில் 13 வரும் ஆண்டில் சராசரி 3.4 ரூபாய் இறங்கிவிடும், தொழிலில் எதுவும் கெட்டுப்போகாமலே. ஆகவே விகிதம் திடீரென மாறினால் விலையைப் பார்ப்பதற்கு முன் எந்த ஆண்டு வெளியேறியது என்று பாருங்கள்.